கண்ணாடி மேசை விளக்கின் அடிக்குடுவைக்குள் என்ன நிரப்பலாம்?

புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, விளக்கின் அடிப்பாகம் வெறும் கண்ணாடி, உள்ளே எதைப் போட்டால் அழகாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். குடுவைக்குள்ளேயே இறங்கினால், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு கிளிஞ்சலுக்கு. உயிர் இல்லாத வெற்று ஓடுகளாகப் பொறுக்குங்கள். ஆனால் அப்படியே கொட்டிவிடாதீர்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கண்ணாடி உள்ளே மங்கிவிடும், நாற்றமும் வரும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். கடல் மணலுக்கும் இதே பாடுதான்.

கண்ணாடி மணிகளும் பொருத்தம். பக்கத்து அரிக்கமேட்டில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே மணி செய்திருக்கிறார்கள்! (நீங்கள் கடையில் வாங்குங்கள், அங்கே போய்த் தோண்டாதீர்கள்.)

சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி விதை. குன்றிமணி விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் கூடாது. அரிசி, பருப்பில் வண்டு வரும்.

அப்புறம், கனமானதைக் கைப்பிடி கைப்பிடியாக, குடுவையைச் சாய்த்துப் பிடித்துப் போடுங்கள். மேலிருந்து கொட்டினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.