கேள்வி-பதில்: பழைய வண்டியும் துருத் தடுப்புப் பூச்சும்

கேள்வி: 1994 மாடல் அம்பாசடர் வைத்திருக்கிறேன். அடிப்பாகம் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் அடித்து 9,000 ரூபாய் வாங்கினார்கள். ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை என்றார்கள். இரண்டாவது மழைக்காலத்திலேயே டிரைவர் சீட்டுக்குக் கீழே தகடு ஓட்டை. கேட்டால் ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்கிறார்கள். - நாகப்பட்டினம்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பழைய வண்டி என்று தெரிந்துதானே காசு வாங்கினார்கள்? அந்தச் சாக்கு இனிமேல் செல்லாது.

தார் கலந்த அந்தப் பூச்சு, சுத்தமான இரும்பைக் கல்லடியிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் காக்கும். துருவின் மேல் அடித்தால் நிலைமை தலைகீழ். துரு பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் ஊரில் அதோடு கடல் உப்பும் சேரும். மேலே மூடிவிட்டால் அந்த ஈரம் காய வழியில்லை. பூச்சு எங்காவது வெடித்தால் புதுத் தண்ணீரும் உள்ளே போய் அங்கேயே தங்கும். வெளியே மொழுமொழுவென்று கறுப்பாகத் தெரியும், உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

சரியான வேலை இப்படி நடக்கும். பிரஷர் வாஷ் செய்து இரண்டு நாள் காயவிட வேண்டும். செதில் துருவைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். குத்தினால் இறங்கும் இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தாக வேண்டும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மூடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகு, குழிகளில் மிஞ்சிய மெல்லிய துருவுக்கு மட்டும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர், அதாவது துருவையே கெட்டிப் படலமாக மாற்றும் திரவம். அது ஒரு நாள் காய்ந்ததும் ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி பிரைமர் இரண்டு கை (இரண்டு பூச்சு). மூட்டுகளுக்கு சீலன்ட். கறுப்புக் கோட்டிங் கடைசியாகத்தான். சைலன்சர், புரொப்பல்லர் ஷாஃப்ட், பிரேக் டிரம், ஹேண்ட் பிரேக் கேபிள், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் ஸ்ப்ரே எடுக்க வேண்டும். கதவுக்கு அடியிலும், வாசற்படி மாதிரி ஓடும் ‘சில்’ (sill) பகுதியிலும் உள்ள வடிகால் துளைகள் அடைபடக் கூடாது. பெட்டி போன்ற உள்ளறைகளுக்குத் தார் எட்டாது. நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்ப்ரே விட வேண்டும்.

இதற்கெல்லாம் நான்கைந்து நாளாவது ஆகும். ‘காலையில் விடுங்க, சாயங்காலம் எடுத்துக்கோங்க’ என்று யார் சொன்னாலும் அங்கே வண்டியை விடாதீர்கள். பில்லில் ‘ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங்’ என்று ஒற்றை வரி எழுதித் தருவதுதான் இந்தத் தொழிலின் பெரிய அநியாயம். கூலியில் பெரும்பங்கு சுத்தம் செய்வதற்குத்தான் போக வேண்டும். அதைச் செய்தார்களா என்று பின்னால் பார்க்க முடியாதபடி பூச்சே மறைத்துவிடுகிறது. எந்தப் பொருள், எத்தனை கை, என்ன சுத்தம் என்று எழுதி வாங்குங்கள். பிரைமருக்கு முன்பு வெறும் இரும்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு, ஓட்டையையும் உரிந்த பூச்சுக்கு அடியில் உள்ள துருவையும் படம் எடுங்கள். பில் நகலோடு ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டியதும் இல்லை.

கேள்வி: ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்தால் போதுமா? - கரூர்

பதில்: போதாது. அதில் ஈரம் இறங்கும். மேலே எனாமல் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: பழைய பைக்கின் ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் ஆகியவற்றை டாய்லெட் ஆசிட்டில் ராத்திரி முழுக்கப் போட்டேன். பளபளவென்று வந்தது. மறுநாளே மஞ்சளாகிவிட்டது. என்ன பெயிண்ட் வாங்கலாம்? - திருப்பூர்

பதில்: பெயிண்ட் பிறகு. அந்த பாட்டிலில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது விட்டுப்போகும் குளோரைடு இரும்பின் குழிகளில் தங்கி, பெயிண்டுக்கு அடியிலும் துருவைக் கிளப்பும். நிறையத் தண்ணீரில் அலசி, சலவைச் சோடா கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசுங்கள். பிறகு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் போட்டு, சில மணிக்கொரு முறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். அதிலிருந்து எடுத்ததும் சோடா தண்ணீர், நல்ல தண்ணீர், உடனே சூடான காற்று. அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டாதீர்கள். அமிலத்தில் ஊறும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் இறங்கும். கடினமான எஃகு அதனால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். 10.9, 12.9 என்று வலிமைத் தர முத்திரை உள்ள போல்ட்டுகளுக்கும் இதே கதிதான். அவற்றுக்கு வயர் பிரஷ் மட்டும். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் ஊற்றுவது, அந்த வண்டியை ஓட்டப்போகிறவரின் உயிரோடு விளையாடுவது.

கேள்வி: எபாக்ஸி பிரைமர் அடித்து மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு. கண்ணளவில்தான் ஹார்டனர் கலந்தேன். மேலே கொஞ்சம் ஹார்டனர் தடவலாமா? - மதுரை

பதில்: கூடாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள், வேறு வழி கிடையாது. டப்பாவில் 4:1 என்று போட்டிருந்தால் அது கொள்ளளவா எடையா என்று பார்த்து, அளவுக் குவளையில் கலக்க வேண்டும். தின்னரும் எபாக்ஸி தின்னர்தான், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாளில் டப்பாவையே திறக்காதீர்கள். ஒரு பைக்கின் சேசிஸ், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்டாண்டுகளுக்கு இரண்டு கை அடிக்க அரை லிட்டர் போதும்.

கேள்வி: யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் சேசிஸுக்கு பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா? - கோயம்புத்தூர்

பதில்: சாண்ட் பிளாஸ்டிங்கும் பாஸ்பேட்டிங்கும் (பூச்சு நன்றாகப் பிடிக்கச் செய்யும் ரசாயனக் குளியல்) செய்து தருவார்கள் என்றால் பவுடர். இல்லையென்றால் நல்ல எபாக்ஸியும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டும். பி.யு.வை வீட்டில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம், அதன் ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது. பவுடர் அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை வேகும். அதனால் ரப்பர், புஷ், பேரிங் கப் எல்லாம் கழன்றிருக்க வேண்டும், மரைத் துளைகளும் அடைத்திருக்க வேண்டும். பவுடர் பெயர்ந்த இடத்தில் உடனே டச்-அப் செய்யுங்கள். விட்டால் துரு அடியிலேயே ஊர்ந்து போகும். சேசிஸ் எண் பொறித்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துத்தான் பிளாஸ்டிங் செய்ய வேண்டும் என்று வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். எண் மங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைய வேண்டியது நீங்கள்.

கேள்வி: சைலன்சருக்கு எந்த பெயிண்ட்? - தஞ்சாவூர்

பதில்: 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் பெயிண்ட், பிரைமர் இல்லாமல் வெறும் இரும்பின் மேல்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் உள்ளே துரு. கோட்டிங் ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். - விழுப்புரம்

பதில்: ஓட்டை விழவில்லை என்றால் ஊற்ற வேண்டாம். சிட்ரிக் ஆசிட் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி ஒரு நாள் வைத்து, அலசி, சூடான காற்றில் காயவைத்து, பெட்ரோலை நிரப்பியே வைத்திருங்கள். டேங்கில் பெட்ரோல் சொட்டோ ஆவியோ மிச்சமிருக்கும்போது சூடு காட்டவே கூடாது. பொட்டு ஓட்டை இருந்தால் மட்டும், எத்தனால் தாங்கும் என்று லேபிளில் எழுதியிருக்கும் இரண்டு பாக எபாக்ஸி. ஃபைபர் கடையில் விற்கும் பாலியெஸ்டர் ரெசின் வேண்டாம். ‘டேங்குக்கும் ஆகும்’ என்ற பேச்சை நம்பி நானும் ஒரு டப்பா வாங்கிக் காசைத் தொலைத்தேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் அது இளகி உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் ஸ்விங் ஆர்ம் வாங்கப் போகிறேன். எல்லாம் புதுக் கறுப்பு பெயிண்டில் இருக்கிறதாம். எப்படிச் சோதிப்பது? - செங்கல்பட்டு

பதில்: காந்தம் எடுத்துப் போங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. சின்ன சுத்தியலால் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். டார்ச் அடித்துக் குழாயின் உள்பக்கம் பாருங்கள், பெயிண்ட் அங்கே போயிருக்காது. வெல்டிங் மூட்டிலும் ஆக்சில் துளையிலும் கொஞ்சம் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.