பின்கட்டுக் குளியலறைக்கும் கரை வேண்டும்

கேள்வி: திருமங்கலத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்து வருகிறோம். சமையல் மேடைக்கு மேலே ஒட்டும் டைல்ஸின் நடுவே பூ வேலைப்பாடுள்ள பார்டர் வேண்டும் என்கிறார் மனைவி. குளியலறையில் தங்க நிறப் பார்டர் ஓட வேண்டும் என்பது என் விருப்பம். வீடு முழுவதும் ஒரே பார்டர்தான் எடுப்பாக இருக்கும் என்பதால் தினமும் வாக்குவாதம். பின்கட்டில் அம்மா புழங்கும் 4 அடிக்கு 6 அடிக் குளியலறைக்குப் பார்டர் தேவையில்லை. அவருக்கு 74 வயது, பார்வை மங்கல், போட்டாலும் தெரியப்போவதில்லை. மிஞ்சும் சுவர் டைல்ஸையே அங்கே தரைக்கும் போட்டுவிடுவோம். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் இருவரின் வழக்கை முதலில் முடித்துவிடுகிறேன். டைல்ஸ் எந்த உயரத்தில் நின்றுபோகிறதோ, அங்கே தெரியும் விளிம்பை மூடி முடித்துக் கொடுப்பதே பார்டரின் முதல் வேலை. அழகு அதற்குப் பிறகுதான். ஆகவே மேடைக்கு மேல் 2 அடியோடு டைல்ஸ் நிற்கிறதென்றால், பார்டர் அதன் மேல் விளிம்பில் வரட்டும். அடுப்புக்குப் பின்னால், நடுவில், புடைப்பான பூ வேலைப்பாடு வைத்தால் தாளிக்கும் எண்ணெயும் மசாலாவும் அந்த இடுக்குகளில் ஏறிவிடும். தேய்க்கப்போவது உங்கள் மனைவிதான். உங்கள் தங்க நிறமோ, உப்புக் கறைக்காக ஆசிட் ஊற்றிக் கழுவத் தொடங்கினால் மங்கிப்போகும். இரண்டு இடத்துக்கும் ஒரே பார்டர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் இருவருக்குமான பதில் இவ்வளவுதான்.

இனி, போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன். "பார்வை மங்கல், போட்டாலும் தெரியப்போவதில்லை." வீடு புதுப்பிக்கும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பின்கட்டைப் பற்றி இப்படி ஒரு வரி எப்படியோ வந்துவிடுகிறது, அதை எழுதியவர் அந்த வரியைத் திரும்பப் படித்திருக்க மாட்டார் என்றே ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்கிறேன். தம்பி, கண் மங்கியவருக்குத்தான் கரை வேண்டும். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பாவிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்: நடுவே ஒரு வேலைப்பாடு, சுவரோரம் சுற்றிலும் வேறு நிறத்தில் ஒரு கரை. தரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் கரை சொல்லிவிடும். வெளிர் நிறச் சுவரும் அதே வெளிர் நிறத் தரையும் சேரும் குளியலறையில், புரை விழுந்த கண்ணுக்கு அந்த மூலை மறைந்துபோகும். வயதானவர் ஈரத்தில் நின்றுகொண்டு, உள்ளங்கையைச் சுவரில் பதித்துப் பதித்து வழி தேடுவார். என் தாயார் அப்படித் தேடியதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

சுவரின் அடிவரிசையில், தரையை ஒட்டி, அடர் நிறத்தில் ஒரு பார்டர் ஓட்டுங்கள். சுற்றளவு 20 அடி. கதவுக்கு இரண்டரை அடி போனால் பதினேழரை அடி. 1 அடி நீளமுள்ள துண்டுகள் 18, வெட்டும்போது உடைவதற்கு 2, ஆக 20 துண்டுகள். பணத்தட்டுப்பாடு என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தங்க நிறத்துக்கு வழி இருக்கிறது, பெற்றவளுக்கு 20 துண்டு கல்லுக்கு வழியில்லையா?

தரையைப் பற்றிய உங்கள் முடிவு இதைவிட மோசம். சுவருக்கென்று வரும் பளபளப்பான செராமிக் டைல்ஸ் மிதிபடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாரம் தாங்காது, சோப்பு நீர் பட்டால் கால் நிற்காது. தரைக்கு வழுக்காத சொரசொரப்பான டைல்ஸையே வாங்குங்கள். 1 அடிச் சதுரமாக எடுத்தால் நீர் போகும் துளையை நோக்கி வாட்டம் எடுப்பது கொத்தனாருக்கு எளிது. பிடித்து எழக் கைப்பிடி எங்கே வரும் என்பதையும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே, சுமார் 3 அடி உயரத்தில் குறித்துக் கொடுங்கள். அந்த இடத்தில் டைல்ஸுக்குப் பின்னால் கலவை முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும். உள்ளே பொள்ளலாக இருந்தால் துளையிடும்போது டைல்ஸ் விரிசல் விட்டுவிடும். திருகாணி செங்கல் வரை இறங்கியிருந்தால்தான் கைப்பிடி ஆள் பாரத்தைத் தாங்கும்.

இந்த வேலை முடிந்த பிறகுதான் உங்கள் குளியலறையில் கொத்தனார் கை வைக்க வேண்டும். கடைக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். தரை டைல்ஸ் மாதிரி ஒன்றைக் கீழே வைத்துத் தண்ணீர் தெளித்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பார்டர்களை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்து, நான்கடி தள்ளி அவரை உட்காரவைத்து, எது கண்ணுக்குத் தெரிகிறது என்று கேளுங்கள். அவர் கைகாட்டுவதை வாங்குங்கள்.