நிலத்தை விற்காதீர்கள் சார்

"பிசிக்ஸ்தான் படிப்பேன்னு அடம்பிடிக்கிறா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று மகளை அழைத்து வந்தீர்கள். பக்கத்தில் அம்மா கண் கலங்க உட்கார்ந்திருந்தார். கவலை புரிகிறது. ஆனால் எடுத்துச் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக நிலத்தை விற்கும் பேச்சை இன்றோடு விடுங்கள். பெங்களூர் மாமா சொன்னாராம். நாலு வருடம் வகுப்பில் உட்காரப் போவது மாமா இல்லையே.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? புள்ளிக் கோலம் மாதிரி புள்ளிகள் வைத்து, ஒரு மூலையை மட்டும் பென்சிலால் அழுத்தித் தீட்டி, 'ஏன் இங்கேயே நிற்கிறது?' என்று எழுதியிருக்கிறாள். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகள்களைக் கணக்கிட வெளியையும் காலத்தையும் இப்படிப் புள்ளிகளாக்கும் முறையை 1974ல் இயற்பியலாளர் கென்னத் வில்சன் கொண்டுவந்தார், லாட்டிஸ் என்பார்கள். சூடு குறைவாக இருந்தால் குவார்க்கின் மோடுகள், அதாவது அலை வடிவங்கள், எல்லாப் புள்ளிகளிலும் பரவிக் கிடக்கும். ஒவ்வொரு மோடுக்கும் ஐகன் மதிப்பு என்று ஓர் எண் உண்டு. சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரியைத் தாண்டினால், பிரபஞ்சம் பிறந்த முதல் சில மைக்ரோ நொடிகளில் இருந்த சூடு அது, ஐகன் மதிப்பு மிகக் குறைந்த மோடுகள் மட்டும் சின்ன இடத்துக்குள் முடங்கிவிடுகின்றன. ஒழுங்கில்லாத பொருளில் எலெக்ட்ரான் இப்படி முடங்கும் என்று 1958லேயே பிலிப் ஆண்டர்சன் என்ற இயற்பியலாளர் சொன்னார். எலெக்ட்ரானுக்குச் சொன்னது குவார்க் வரைக்கும் வருகிறது. அவள் தீட்டிய மூலை அதுதான்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். மூன்று திசையிலும் 32 புள்ளிகள், காலத்தில் 8 என்று வைத்தாலே 2,62,144 புள்ளிகள், புள்ளிக்கு 12 எண்கள், ஆக 31 லட்சம் வரிசை கொண்ட ஓர் அணி, அதாவது மேட்ரிக்ஸ். அதிலிருந்து மிகச் சிறிய ஐகன் மதிப்புகளைப் பொறுக்கி எடுக்க சூப்பர் கம்ப்யூட்டரில் அவளே புரோகிராம் எழுத வேண்டும். மாமா ஆசைப்படும் கம்ப்யூட்டர் தானாகவே வந்துவிடும்.

ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனத்தில் ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் பட்டப்படிப்பு, அல்லது சிறுசேரியில் சிஎம்ஐ என்ற சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, நன்கொடை கிடையாது. அப்புறம் பிஎச்டிக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதினால் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்குப் போகலாம், லாட்டிஸ் ஆராய்ச்சி அங்கேயே நடக்கிறது. பிஎச்டியில் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருடத்திலிருந்து 42,000.

பத்து வருடம் பிடிக்கும், ஆராய்ச்சியில் நிரந்தர வேலையும் குறைவு. இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "அணியோட ஐகன் மதிப்பு ஸ்கூல் புக்ல இல்லையே, எதுல படிக்கலாம் சார்?" என்றாள். புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள்.