லாட்டரிக் கூட்டில் நானும் சேரலாமா?

தம்பி, லண்டனில் உடன் வேலை செய்பவர்கள் ஆளுக்கு வாரம் 2 பவுண்டு போட்டு லாட்டரி வாங்குகிறார்கள், நானும் சேரட்டுமா, சேலத்தில் அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று கேட்டிருந்தீர்கள். நானும் சேலம் அம்மாப்பேட்டைக்காரன்தான். அப்பாவின் பயம் புரிகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் தடை வரும்வரை என் சித்தப்பா தறிக்கூலியில் பாதியைச் சீட்டுக்கே கொடுத்தார். வாரந்தோறும் "ஒரே நம்பரில் போய்விட்டது" என்பார். ஒரு நம்பரில் போனாலும் ஆறு நம்பரில் போனாலும் அடுத்த குலுக்கலுக்கு அது தெரியாது. இது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இங்கே சட்டப்படி தவறில்லை, மளிகைக் கடையிலேயே விற்கிறார்கள். இங்குள்ள தேசிய லாட்டரியின் 'லாட்டோ' சீட்டில் 2015 அக்டோபர் முதல் 59 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி 4,50,57,474 விதமாக எடுக்கலாம். ஜாக்பாட் அதில் ஒன்றுக்குத்தான். ஏற்காடு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்திப் பூவா தலையா போட வேண்டும். எல்லாவற்றிலும் தலையே விழ வேண்டும். மேலே போய்ச் சேர்ந்துவிட்டால், இறங்கும்போது இன்னும் ஐந்து வளைவில் தலை. அதுவே 3.35 கோடியில் ஒரு வாய்ப்பு. ஜாக்பாட் அதைவிடவும் அரிது! மூன்று எண் பொருந்துவது மட்டும் ஏறத்தாழ 96-இல் ஒன்று. கிடைப்பது 30 பவுண்டு.

ராசி எண் பார்க்காதீர்கள். எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்புதான். ஆனால் பலரும் விரும்பும் எண்களை எடுத்தால், விழுந்தாலும் பங்கு சிறுத்துவிடும். 1995 ஜனவரி 14 அன்று 133 பேருக்கு ஒரே எண்கள் விழுந்தன. ஒரு கோடியே 60 லட்சம் பவுண்டில் ஆளுக்குக் கிடைத்தது 1,22,510.

டீச்செலவு என்று நினைத்துக்கொள்ள முடிந்தால் சேருங்கள். சேர்ந்தால் யார் யார் பங்கு, யார் பணம் கட்டவில்லை என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சிரித்துப் பேசும் நண்பர்களிடமும்தான். பரிசுக்கு இங்கே வரி இல்லை, 180 நாளுக்குள் கேட்டுப் பெற வேண்டும். வாங்காத சீட்டுக்குப் பரிசு என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் மாமா யாராவது செவ்வாய்ப்பேட்டையிலிருந்து "பணம் அனுப்புகிறேன், எனக்கும் ஒரு சீட்டு எடு" என்பார். எனக்கு வந்தது, உங்களுக்கும் வரும். லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள்.