முதல் தடவை வி.ஓ.ஜி.ட்ட போறீங்களா, ரெண்டு பேருமா போங்கோ

இந்த முறை வந்த கடிதங்கள்ல நிறைய, பிள்ளைக்காக முதல் முதலா வி.ஓ.ஜி.ட்ட, அதாவது பொம்பிளைகளுக்கான மகப்பேற்று டொக்டர்ட்ட, போறதைப் பற்றித்தான். அதால வேற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன். பெயர் போடயில்ல, இடம் மட்டும்தான்.

*அக்கா, எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு வருஷம், எனக்கு 33 வயசு. இன்னும் பிள்ளை தங்கயில்ல. அடுத்த கிழமைக்கு ஒரு வி.ஓ.ஜி.ய பிரைவேட்டில சனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கு. நீ மட்டும் போய் செக் பண்ணிக்கொண்டு வா, அவனுக்கு வேலை எண்டு மாமி சொல்லுறா. அவருக்கும் வர மனசில்ல. என்ன கொண்டு போகோணும், என்ன கேப்பினம்? நினைக்கவே நெஞ்சு பதறுது. (வெள்ளவத்தை)*

தங்கச்சி, முதல்ல அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ, மற்றதெல்லாம் பிறகு. பிள்ளை தங்காத தம்பதிகள்ல கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்கு ஆம்பிளைப் பக்கத்திலயும் ஒரு காரணம் இருக்கும், தனியாவோ பொம்பிளைப் பக்கக் காரணத்தோட சேர்ந்தோ. அதோட ஆம்பிளைக்கு முதல் டெஸ்ட் எண்டுறது ஒரு போத்தல்ல சாம்பிள் குடுக்கிறது, அவ்வளவுதான், ஊசி இல்ல, வலி இல்ல. உங்களுக்கு ஊசி, ஸ்கேன், தேவைப்பட்டா கருக்குழாய் (டியூப்) திறந்திருக்கா எண்டு பாக்க கருப்பைக்குள்ள மருந்து விட்டு எக்ஸ்ரே, அது சில பேருக்கு நல்லா நோகும். இதெல்லாத்தையும் ஒரு வருஷமா பொம்பிளைக்குச் செய்துபோட்டு கடைசியில அவரைக் கூப்பிட்டு டெஸ்ட் எடுத்துப் பாத்தா பிரச்சினை அங்க இருக்கு, இப்பிடி நடந்த வீடுகள் எத்தினை. எனக்கு இது பெரிய அநியாயமா படுது. மாமியோட வாக்குவாதப்பட வேண்டாம். அவர்ட்ட ராவைக்கு ஆறுதலா இருக்கேக்க "டொக்டர் ரெண்டு பேரையும்தான் கேள்வி கேப்பார், நீங்க இல்லாட்டி அரைவாசிக் கேள்விக்கு எனக்கு பதில் தெரியாது" எண்டு சொல்லுங்கோ. அது உண்மையும்தான், சின்ன வயசில கூகைக்கட்டு வந்ததா, விதைப்பையில ஒப்பரேஷன் செய்ததா எண்டெல்லாம் நீங்க எப்பிடி சொல்லுறது?

இனி கொண்டு போற சாமான். சனல் சென்டர்ல டொக்டர் உங்களைப் பாக்கிற நேரம் கொஞ்சம்தான், வெளியில பத்துப் பதினைஞ்சு பேர் நம்பரோட இருப்பினம், அதால உள்ள போய் யோசிச்சுக்கொண்டு நிக்க ஏலாது. ஒரு கொப்பித் தாள்ல கடைசி ஆறு மாசமும் பீரியட்ஸ் வந்த திகதியை எழுதுங்கோ. லேசா கறை படுற நாள் கணக்கில்ல, நல்லா போகத் தொடங்கின நாள்தான் முதலாம் நாள், இதை நிறையப் பேர் பிழையா எண்ணுறவை, பிறகு டெஸ்ட் நாளும் பிழைச்சுப் போயிடும். எத்தினை நாள் போகுது, நோ எப்பிடி, வேலைக்குப் போகாம படுக்கிற அளவுக்கு நோ இருக்கா, உறவுக்குள்ள நோ இருக்கா, இதையும் எழுதுங்கோ. முந்தி கரு கலைஞ்சிருந்தா, வயித்தில ஒப்பரேஷன் செய்திருந்தா, அப்பென்டிக்ஸ் வெடிச்சிருந்தா, சயரோகம் வந்திருந்தா அந்த பழைய ரிப்போர்ட், ஆஸ்பத்திரியால விடேக்க தாற டயக்னோசிஸ் கார்ட் எல்லாம் ஒரு பைல் கவர்ல போடுங்கோ. குடும்பத்தில ஆராவது 40 வயசுக்கு முந்தி பீரியட்ஸ் நிண்டவையா, தலசீமியா எண்ட பரம்பரை ரத்த வருத்தம் இருக்கா எண்டு அம்மாட்ட கேட்டு வையுங்கோ.

ரெண்டு பேரும் குடிக்கிற குளிசை எல்லாத்தையும் அட்டையோட கொண்டு போங்கோ, ஆயுர்வேதக் கசாயம், ஜிம் பவுடர், ஒண்டையும் மறைக்க வேண்டாம். வலிப்பு, பிரஷர், தைரொய்ட், முகப்பரு எண்டு எதுக்காவது மருந்து எடுக்கிறதெண்டா அதை நீங்களே நிப்பாட்டிப் போடாதேங்கோ, சிலது கர்ப்பத்துக்கு ஆகாது தான் ஆனா அதை மாத்துறது டொக்டர்ட வேலை. ஃபோலிக் அசிட் எண்ட விட்டமின் குளிசையை இப்பவே தொடங்கலாம், வழமையா சொல்லுற அளவு நாளைக்கு 400 மைக்ரோகிராம், சீனி வருத்தம், வலிப்பு மருந்து மாதிரி ஏதும் இருந்தா கூடத் தேவைப்படும், அதைக் கேட்டே எடுங்கோ. ரூபெல்லா ஊசி போட்டதா எண்டும் பாருங்கோ, போடாட்டி போட்டுட்டு, பிள்ளைக்கு முயற்சிக்க ஒரு மாசம் பொறுக்கோணும்.

அண்டைக்கு டொக்டர் பெரும்பாலும் கதைச்சு, பாத்து, டெஸ்ட் எழுதித் தருவார். சில ஹோர்மோன் டெஸ்ட் பீரியட்ஸ் வந்த ரெண்டாம் மூண்டாம் நாள்ல எடுக்கிறது, முட்டை வந்ததா எண்டு பாக்கிற புரஜெஸ்டிரோன் டெஸ்ட் அடுத்த பீரியட்சுக்கு ஏழு நாள் முந்தி எடுக்கிறது, 28 நாள் சுற்று எண்டா 21ஆம் நாள், உங்களுக்கு 35 நாளுக்கு ஒருக்கா வருதெண்டா 28ஆம் நாள். ஏ.எம்.எச். எண்டுறது முட்டை எவ்வளவு மிச்சமிருக்கு எண்டு பாக்கிற ரத்த டெஸ்ட், அதை எந்த நாளும் எடுக்கலாம். துண்டில டெஸ்ட் பெயரை மட்டும் எழுதித் தந்தா வெளிய வரமுந்தியே "டொக்டர், இது எத்தினையாம் நாள் எடுக்கிறது" எண்டு கேட்டு அதிலயே எழுதுவியுங்கோ. ஸ்கேன் கீழால செய்யச் சொன்னா முதல்ல பாத்ரூம் போட்டு வாங்கோ, மேல் வயித்தால செய்யிறதுக்குத்தான் தண்ணி குடிச்சு நிக்க வேணும். பொம்பிளை நேர்ஸ் கூட நிக்க வேணுமெண்டு கேக்கலாம், இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு. ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் லாப்ல சேர்த்துக் கருவாக்கிறது) எண்டு அண்டைக்கே ஆரும் முடிவெடுக்கப் போறதில்ல, முட்டை வராத பிரச்சினை எண்டா குளிசையோடயே சரிவாற ஆக்கள் நிறைய.

*அக்கா, எனக்கு 36. செமன் டெஸ்ட் (விந்துப் பரிசோதனை) செய்யச் சொல்லியிருக்கு. ஆரிட்டயும் கேக்க வெக்கமா இருக்கு, எப்பிடி செய்யிறது, எத்தினை நாள் இடைவெளி விடுறது? (கொட்டாஞ்சேனை)*

தம்பி, எழுதிக் கேட்டதே பெரிய விஷயம். ரெண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேல போகாமலும் விந்து வெளியேத்தாம இருந்துட்டுக் குடுக்கோணும், கூட நாள் விட்டா நல்ல ரிப்போர்ட் வரும் எண்டு பத்து நாள் விடுறதில்ல, அது அசைவைக் குறைச்சுப் போடும். லாப்ல தாற போத்தல்லதான் எடுக்கோணும், வழமையான கொண்டம் பாவிக்க வேண்டாம், எண்ணெய், கிறீம், எச்சில் ஒண்டும் படக்கூடாது. முழுசும் போத்தலுக்குள்ள விழோணும், முதல் துளி வெளியில போயிருந்தா அதை லாப் ஆளிட்ட சொல்லிடுங்கோ, ஏனெண்டா முதல் பகுதியிலதான் விந்தணு கூட.

லாப்லயே அதுக்கு அறை இருந்தா அங்கயே குடுக்கிறது நல்லம். வீட்டில எடுக்கிறதெண்டா ஒரு மணித்தியாலத்துக்குள்ள, ஏலுமெண்டா அரை மணித்தியாலத்துக்குள்ள சேர்க்கோணும், காலையில ஏழரை எட்டரைக்கு கொழும்பு ட்ராபிக்கில அது நடக்கிற காரியமில்ல, அதால லாப் திறக்கிற நேரத்தைக் கேட்டு ஞாயிறோ லீவு நாளோ பாருங்கோ. போத்தலை சட்டைக்குள்ள உடம்போட வச்சுக்கொண்டு போங்கோ, ஏசிக்கு முன்னாலயோ ஃபிரிட்ஜிலயோ வைக்காதேங்கோ. போத்தல்ல பெயரும் எடுத்த நேரமும் எழுதியிருக்கோணும்.

ரிப்போர்ட் கையில வந்த உடன கூகுள் பண்ணிப் பயந்துபோறதுதான் எல்லாரும் செய்யிறது. 2021ல உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கில ஒரு மில்லிலீட்டருக்கு 16 மில்லியன் விந்தணு எண்டுறது கீழ் எல்லை, அதுக்குக் குறைஞ்சா பிள்ளையே இல்லை எண்டு அர்த்தமில்ல, கூடினா நிச்சயம் எண்டும் இல்ல. ஒரு விந்தணு உருவாக கிட்டத்தட்ட 74 நாள் பிடிக்கும், அதால ரெண்டு மூண்டு மாசத்துக்கு முந்தி டெங்குவோ வேற பெரிய காய்ச்சலோ வந்திருந்தா அதுவே ரிப்போர்ட்டைக் கெடுத்திருக்கலாம், டொக்டர் ரெண்டாந்தரம் எடுக்கச் சொல்லுவார். ஜிம்முக்கு போறதெண்டா உடம்பு ஏத்துற ஊசி, டெஸ்டோஸ்டிரோன் எதுவும் எடுத்தீங்களா எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அது விந்தணு உருவாகிறதையே நிப்பாட்டிப் போடலாம், டொக்டர்ட்ட கட்டாயம் சொல்லோணும். சிகரெட்டை இண்டைக்கே விடுங்கோ.

*எனக்கு கலியாணத்துக்கு முந்தி ஒரு கரு கலைச்சது நடந்தது. அவருக்குத் தெரியாது. டொக்டர் முந்தி எப்பவாவது தங்கினதா எண்டு கேட்டா ஹஸ்பண்டுக்கு முன்னால என்ன சொல்லுறது? அதாலதான் இப்ப தங்குதில்லையோ எண்டு ராவில நித்திரை இல்ல. (தெஹிவளை)*

பிள்ளை, முதல்ல அந்தப் பயத்தை இறக்கி வையுங்கோ. பிறகு காய்ச்சல், கிருமி ஏதும் தொத்தாம சரியா முடிஞ்ச கருக்கலைப்பால பிறகு பிள்ளை தங்காமப் போறது வழமையில்ல, ஏதோ தண்டனை எண்டு நினைக்காதேங்கோ. ஆனா டொக்டருக்குத் தெரியோணும், அப்ப கிருமி தொத்தியிருந்தா டியூப் பாதிச்சிருக்கலாம், அதை வச்சுத்தான் எந்த டெஸ்ட் முதல் எண்டு அவர் தீர்மானிப்பார். ஹஸ்பண்டுக்கு முன்னால சொல்லத் தேவையில்ல. செக் பண்ண உள் அறைக்கு கூட்டிக்கொண்டு போகேக்க "டொக்டர், இது ஹஸ்பண்டுக்குத் தெரியாது" எண்டு தொடங்கிச் சொல்லுங்கோ, ஹஸ்பண்ட் பாக்கிற கிளினிக் புத்தகத்தில எழுத வேண்டாம் எண்டும் கேளுங்கோ. அவரோட கதைக்கிறதா இல்லையா எண்டுறது உங்கட முடிவு, அதுக்கு வேற நாள் இருக்கு.

*எனக்கு 38, கலியாணம் முடிச்சு 7 மாசம். ஒரு வருஷம் பாத்துட்டு வா எண்டு எல்லாரும் சொல்லினம், பொறுக்கலாமா? (வத்தளை)*

பொறுக்காதேங்கோ. ஒரு வருஷக் கணக்கு 35க்குக் குறைஞ்ச ஆக்களுக்கு, 35க்கு மேல எண்டா ஆறு மாசம்தான், அது உங்களுக்கு முடிஞ்சுது. பீரியட்ஸ் மாசக்கணக்கா வராம இருக்கிறவை அந்த ஆறு மாசமும் பாக்கத் தேவையில்ல.

*பிரைவேட்டில காட்ட எங்களிட்ட காசில்ல அக்கா. சிங்களமும் பெருசா வராது. எங்க தொடங்குறது? (மோதரை)*

உங்கட ஏரியா எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில குடும்பநல மிட்வைஃபைப் போய்ப் பாருங்கோ, கலியாணம் முடிச்ச ஆக்களைப் பதியிறது அவவின்ட வேலை, பிள்ளை தங்காட்டியும் அவவிட்டதான் தொடங்கலாம், ஃபோலிக் அசிட்டும் அங்க கேக்கலாம். பொரளைப் பக்கம் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும் டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரியும் இருக்கு, அனுப்பி வைக்கிற கடிதத்தோட போனா கிளினிக் நாள் தருவினம். நேரம் எடுக்கும், விடியவே போய் நிக்க வேண்டி வரும், ஆனா டொக்டரைப் பாக்கிறதுக்குக் காசு குடுக்கத் தேவையில்ல. ஐ.வி.எஃப். எண்டு போனாத்தான் பெரும்பாலும் பிரைவேட், முதல் படிகளுக்கு அந்தச் செலவை இப்பவே நினைச்சுக் கலங்காதேங்கோ.

மொழிக்கு, தமிழ் தெரிஞ்ச நேர்ஸ் ஆராவது இருக்கினமா எண்டு முதல்லயே கேளுங்கோ. இல்லாட்டி சிங்களமோ இங்கிலீஷோ தெரிஞ்ச ஒரு சிநேகிதியைக் கூட்டிப் போங்கோ, சொந்தக்காரரை வேண்டாம், அவை முன்னால உறவைப் பற்றிக் கேட்டா நீங்க வாய் திறக்க மாட்டீங்க. பீரியட்ஸ் திகதி, மருந்துப் பெயர், ஒப்பரேஷன் எல்லாத்தையும் அவவைக் கொண்டு ஒரு தாள்ல இங்கிலீஷ்ல எழுதி வச்சிருந்தா, அவ வரமுடியாத நாளிலயும் தாளை நீட்டினாக் காணும்.