நூலகத்தில் தேடத் தெரிவதற்கும் ஒழுங்காகப் படிப்பதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆனால் தேடத் தெரிந்தவர்கள் எல்லாரும் நன்றாகப் படிப்பவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நான் பார்த்தவரை இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்றுதான்: எப்போது ஆரம்பிக்கிறோம் என்பது.

முதுகலையில் எனக்கு வந்த தலைப்பு, மாணவர்களின் தேர்வு பயம். சமர்ப்பிக்க மூன்று நாள் இருக்கும்போதுதான் நூலகத்துக்கே போனேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளத்தில் 'எக்ஸாம் ஃபியர்' என்று அடித்தேன். உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. யாரும் இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை போலிருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதி, நாலு கட்டுரையை வைத்து ஒப்பேற்றினேன். ஆய்வாளர்கள் அதை 'டெஸ்ட் ஆங்சைட்டி' என்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1952இல் உளவியலாளர்கள் மேண்ட்லரும் சாரசனும் எழுதிய கட்டுரை தொடங்கி வண்டி வண்டியாகக் கிடக்கிறது!

முதல் தேடலில் விடை கிடைப்பதில்லை. அடுத்த தேடலுக்கான சொல்தான் கிடைக்கும். அந்தச் சொல்லோடு திரும்பி வர இன்னொரு நாள் வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் மேற்கோள் பட்டியலைப் பிடித்துப் பின்னால் போகலாம், அதை மேற்கோள் காட்டியவற்றைப் பிடித்து முன்னால் வரலாம். அலமாரியிலும் இதே கதைதான். பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டியூயி முறையில் உளவியல் 150, கல்வி 370. என் தலைப்புக்கு இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். கடைசி இரவில் இதெல்லாம் நடக்குமா?

தேடலின் நடுவே குழப்பமும் சந்தேகமும் கூடும் என்று நூலக அறிவியல் ஆய்வாளர் கரோல் கூல்தாவ் மாணவர்களைக் கவனித்து எழுதியிருக்கிறார். நேரம் வைத்திருப்பவர் அந்தக் குழப்பத்தைத் தாண்டிவிடுவார். இல்லாதவர் முதல் பக்க முடிவுகளோடு கடையைக் கட்டிவிடுவார். அவருக்குத் தேடத் தெரியாது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொரு கெட்ட பழக்கம், பதிவிறக்கியதையே படித்த கணக்கில் சேர்ப்பது. (என் கணினியில் இன்னும் அப்படி ஒரு கோப்புறை இருக்கிறது.) இப்போதெல்லாம் கட்டுரையை இறக்கியதும் சுருக்கத்தைப் படித்து, எதற்காக எடுத்தேன் என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன், பக்க எண்ணோடு. அந்த வரி எழுத வராவிட்டால் கோப்பை அழித்துவிடுவேன்.