வாசகர் கேள்வி–பதில்: பரணில் கிடக்கும் பெட்டியும் இணையத்தில் இருக்கும் நூலகமும்

பழைய நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் தேடுவது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா சேர்த்து வைத்த பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும் இரண்டு டிரங்குப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். “எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது, எடைக்குப் போட்டுவிடலாம்” என்கிறார் என் அண்ணன். அப்படிச் செய்யலாமா? – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல் எடைக்குப் போட வேண்டாம். உங்கள் ஊரை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் வாழ்நாள் முழுவதும் தேடித் தேடிச் சேர்த்தவர். நூல்கள், இதழ்கள் மட்டுமல்லாமல் நாடக நோட்டீசுகளும் திருமண அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் அவரிடம் இருந்தன. 1992இல் அவர் காலமான பின்பு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியதை அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்துக் காப்பது என்று முடிவு செய்ததால்தான், 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. முதலில் நுண்படச் சுருள்களாகவும் (மைக்ரோஃபிலிம்) பின்னர் மின்படங்களாகவும் அங்கே பாதுகாக்கப்பட்டவற்றில், ஒரு காலத்தில் பரணில் கிடந்த சரக்கும் உண்டு.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு நூலின் தலைப்பு இணையத்தில் இருக்கலாம். ஆனால் அங்கே இருப்பது ஏதோ ஒரு பதிப்பின் ஏதோ ஒரு பிரதியே. அந்தப் பிரதியில் முகவுரை கிழிந்து போயிருக்கலாம். நூலகத்தில் பைண்டு செய்யும்போது இதழ்களின் மேலட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றி எறிவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்த விளம்பரங்களில்தான் அன்றைய மருந்துகளும் விலைவாசியும் கடைத்தெருக்களும் பதிவாகியிருந்தன. ஒரு நூலின் மின்படியில், மடித்து ஒட்டப்பட்டிருந்த வரைபடத்தை விரிக்காமலே படம் எடுத்திருந்ததை நானே கண்டிருக்கிறேன். அதைத் தேடி வந்தவருக்கு மடிப்பின் முதுகு மட்டுமே கிடைத்தது. உங்கள் தாத்தாவின் பிரதி முழுமையாக இருந்தால், இணையத்தில் உள்ளதைவிட அதுவே மேலானது.

ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் அல்லது அச்சுக்கூடம், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் கூடாது. இரண்டும் தாளைச் சீக்கிரமே கொன்றுவிடும். பட்டியலை ஆய்வு நூலகம் ஒன்றுக்கு அனுப்பினால் எது தங்களிடம் இல்லை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பொருளைப் பிரிய மனமில்லையென்றால் படமெடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004 முதல் பல நாடுகளில் அப்படித்தான் செயல்படுகிறது. மூலம் இருக்கும் நாட்டைவிட்டுப் போவதில்லை. படம் மட்டுமே பயணப்படுகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இத்திட்டத்தின் கீழ் பழைய அச்சு நூல்கள் முதல் போட்டோ ஸ்டூடியோப் படங்கள் வரை மின்படமாகியுள்ளன.

கேள்வி: ஆய்வுக்காக மின்னூலகங்களில் ஒரு புலவரின் பெயரைத் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நூல் அங்கேதான் இருக்கிறது என்று என் நெறியாளர் உறுதியாகச் சொல்கிறார். எங்கே தவறுகிறேன்? – ஆய்வு மாணவர், மதுரை

பதில்: தவறு உங்களுடையதன்று; உங்கள் நெறியாளர் சொல்வதும் சரியாகவே இருக்கும். மின்னூலகத்தில் நாம் காண்பது பெரும்பாலும் பக்கத்தின் படம். கணினிக்கு அது சுவரில் மாட்டிய புகைப்படம் போன்றது. அதில் எழுத்து இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. நீங்கள் தேடுபெட்டியில் இடும் சொல், யாரோ ஒருவர் தட்டச்சு செய்து வைத்த தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற பட்டியல் விவரங்களோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு விலக்கு. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து தருவதால், அங்கே நூலின் உள்ளே புகுந்தும் தேட முடிகிறது.

படத்திலிருக்கும் எழுத்தைக் கண்டறிந்து மாற்றித் தரும் எழுத்துணரி மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் அது அண்மைக்கால நூல்கள் வரைதான். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனி வடிவங்கள் இருந்தன. ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வைத்த வடிவில் நின்றன. அவற்றில் பழகாத மென்பொருள் எதையெதையோ வாசிக்கும். அதற்கும் முன்னே போனால், ஏட்டுச்சுவடிகளில் புள்ளி கிடையாது; எகரமும் ஏகாரமும் ஒன்று போலிருக்கும்; காலும் ரகரமும் பிரித்தறிய முடியாதபடி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களிலோ சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் சந்தி சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். எழுத்தெல்லாம் சரியாக உணரப்பட்டாலும், நீங்கள் தேடும் பெயர் ஒரு நீண்ட சரத்தின் நடுவே உருமாறிப் புதைந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் பெயர்களில் இருக்கிறது. சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. என நான்கு விதமாகவும் பட்டியலிட்டிருப்பார்கள். கணினிக்கு இவர்கள் நான்கு பேர். சென்னை என்று தேடினால் சென்னபட்டணத்திலும் சென்னபுரியிலும் மதராசிலும் அச்சான நூல்கள் வராமல் போகும். அச்சகம் என்ற சொல்லுக்குப் பதிலாக யந்திரசாலை, அச்சியந்திரசாலை, அச்சுக்கூடம் என்பவற்றையும் முயன்று பாருங்கள். முழுப்பெயரை இடாமல், எல்லா வடிவங்களுக்கும் பொதுவாக இருக்கும் ஓர் அசையை மட்டும் இட்டுத் தேடுவது என் வழக்கம். அதில் தேவையற்றவையும் நூறு வரும். பரவாயில்லை, நூறைப் புரட்டுவது ஒன்றுமே வராமல் திகைப்பதைவிட மேல்.

ஆண்டைப் பற்றியும் ஒரு சொல். பழைய முகப்புத் தாள்களில் கிறிஸ்தவ ஆண்டு இல்லாமல் ‘பிங்கள ௵’ என்று மட்டும் இருக்கக்கூடும். பிங்கள ஆண்டு 1857இலும் வரும், 1917இலும் வரும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் எது என்பதைத் தாள், எழுத்துரு, அச்சுக்கூடம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அந்த ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், மாசி மாதத்தில் வெளிவந்த நூல் 1918இல் வந்ததாகவே கொள்ளப்படும். சுழற்சியைக் கவனியாமல் பட்டியலிட்ட நூல்கள் அறுபது ஆண்டுகள் பிசகி நிற்பதைக் கண்டால் வியக்க வேண்டாம். ஆகவே ஆண்டை வைத்து வடிகட்டும் வசதியைக் கடைசியாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்தின் வரலாற்றை எழுத விரும்புகிறேன். கும்பகோணத்தை விட்டு வெளியே செல்ல முடியாத நிலை. இணையத்திலேயே என்னென்ன கிடைக்கும்? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பதில்: தொடங்குவதற்குப் போதுமான அளவு கிடைக்கும். வெங்கசாமி ராவ் எழுதிய தஞ்சாவூர் மாவட்டக் கையேடு 1883இலும் ஹெமிங்வே எழுதிய மாவட்ட விவரச்சுவடி 1906இலும் வந்தவை. இரண்டும் ஆங்கில நூல்கள், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஊர்ப்பெயர்களை அன்றைய ஆங்கிலேயர் எழுதியபடி தேட வேண்டும். கும்பகோணம் அவர்களுக்குக் ‘கோம்பகோணம்’, நாகப்பட்டினம் ‘நெகபட்டம்’, தரங்கம்பாடி ‘டிராங்க்விபார்’. உங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையும் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளையும் பாருங்கள். ஆண்டறிக்கையில் கல்வெட்டின் சுருக்கம் மட்டுமே இருக்கும்; முழுப்பாடம் தொகுதியில் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

நிலத்தின் கதை வேண்டுமென்றால் இணையம் அவ்வளவாக உதவாது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகளும் நிலவரித்திட்டப் பதிவேடுகளும் எந்த நிலம் யாருக்கு எதற்காக விடப்பட்டது என்பதை வயல்வயலாகச் சொல்பவை. அவற்றுக்கு நீங்களோ உங்கள் சார்பாக ஒருவரோ எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். போகும்போது வட்டத்தின் பழைய பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊர் இன்றுள்ள வட்டத்தில் அன்று இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி: யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவற்றை மின்வடிவில் மீட்க முடியுமா? – புலம்பெயர்ந்த வாசகர், டொரொண்டோ

பதில்: 1981 மே 31 இரவு தொடங்கிய அந்தத் தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் படியில்லாமல் இருந்த ஓலைகளும் கையெழுத்துப் படிகளும் போனவை போனவைதாம். எந்தத் தொழில்நுட்பமும் அவற்றைத் திருப்பித் தராது. அச்சு நூல்களின் நிலை வேறு. ஒரு நூல் அச்சேறியவுடன் அதன் படிகள் பல வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் கடல் கடந்த நூலகங்களுக்கும் போயிருக்கும். எரிந்தது ஒரு பிரதி; இன்னொன்று ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கக்கூடும். அதைத் தேடிப் பிடிப்பதைத்தான் மீட்பு என்று சொல்ல வேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இதைச் செய்துவருகிறது. இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளோடு பள்ளி மலர்களையும் நினைவு மலர்களையும் அவர்கள் எண்ணிமப்படுத்துகிறார்கள், அதாவது மின்வடிவாக்குகிறார்கள். இந்தக் கடைசி வகையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் உறவினர்களுக்குக் கொடுக்கப்படும் கல்வெட்டு என்னும் சிறு நூலில் குடும்ப வழியும் ஊரும் தொழிலும் இருக்கும். அது எந்த நூலகத்திலும் வாங்கி வைக்கப்படுவதில்லை. போர்க் காலத்தில் பெட்டியில் வைத்து எடுத்து வரப்பட்ட இத்தகைய நூல்கள் உங்கள் நகரத்து வீடுகளில் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய நூலை ஸ்கேன் செய்து எல்லோரும் படிக்க இணையத்தில் ஏற்றலாமா? – ஆசிரியை, கோவை

பதில்: இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1964இல் இறந்தவரின் எழுத்து 2025 தொடக்கத்தில் பொதுவுடைமையாயிற்று. (முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது, 1941இல் இறந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியும் தறுவாயில் அது 60 ஆக நீட்டப்பட்டது.) இலங்கையில் 70 ஆண்டுகள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவற்றுள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே காணலாம். திருக்குறளுக்கு உரிமை யாரிடமும் இல்லை, ஆனால் அதற்கு வாழும் ஆசிரியர் எழுதிய உரைக்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: கைப்பேசியில் படமெடுத்தால் போதாதா? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஸ்கேனர் கிடைக்காத இடத்தில் போதும். சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் அட்டையின் உட்புறத்தையும் விடாதீர்கள். அங்கேதான் பெரும்பாலும் கையெழுத்தும் கடை முத்திரையும் இருக்கும். முதல் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்தால் நூலின் அளவு தெரியும்.

கேள்வி: மின்னூலகமே ஒருநாள் மறைந்துவிட்டால்? – வாசகர், சேலம்

பதில்: மறையவே செய்யும், சில நாள், சில மாதம், சில வேளை நிரந்தரமாகவும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பட்டியலும் மின்சேகரங்களும் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தன. செல்வாக்கும் பணமும் உள்ள நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், நாலைந்து தன்னார்வலர்கள் தங்கள் கைப்பணத்தில் நடத்தும் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்குத் தேவையான நூலை இணைய முகவரியாக மட்டும் குறித்துக்கொள்ளாமல், உரிமை இடம் தருமானால் கோப்பாகவும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் நூற்பெயரோடு, எந்த நூலகத்தின் எந்த எண்ணுள்ள பிரதியிலிருந்து அது எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தளம் மறைந்த பின்பும் அந்த எண்ணைச் சொல்லி மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க முடியும்.